மோல் கணக்குல எங்க இடிக்குது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன் சார். 0.1 மோலார் காப்பர் சல்பேட் 250 மில்லி தயார் பண்ண எவ்ளோ எடை போடணும்னு கேட்டாங்க. எனக்கு 3.99 கிராம் வந்துச்சு, பக்கத்துல இருந்த பொண்ணுக்கு 6.24. ரெண்டு பேரும் திரும்பத் திரும்ப போட்டுப் பாத்துட்டோம், அதேதான் வருது. எது சரி? – மாணவி, திருவாரூர்

பதில்: மோல்ங்கிறது துகள்களை எண்ணுற ஒரு அளவு, 0.1 மோலார்னா ஒரு லிட்டர் கரைசல்ல 0.1 மோல் இருக்குன்னு அர்த்தம். கூட்டல் பெருக்கல்ல ரெண்டு பேருமே தப்பு பண்ணலம்மா. ஆனா லேபுக்குள்ள போனா அந்தப் பொண்ணோட விடைதான் வேலைக்கு ஆகும். மோலார் மாஸ், அதாவது ஒரு மோலோட எடை கிராம்ல, அதுக்கு நீ கூட்டினது காப்பர் 63.5, சல்ஃபர் 32, ஆக்சிஜன் நாலும் சேர்ந்து 64, ஆக மொத்தம் 159.5. அது தண்ணியே இல்லாத காப்பர் சல்பேட், வெள்ளைப் பவுடரா இருக்கும். உங்க லேப் பாட்டில்ல இருக்குறது நீலக் கல்லு, அதுல ஒரு காப்பர் சல்பேட்டுக்கு அஞ்சு தண்ணி மூலக்கூறுன்னு படிகத்துக்குள்ளயே இருக்கு, அஞ்சு பதினெட்டு தொண்ணூறு, அதையும் சேத்தா 249.5. தராசுல வைக்கிறப்போ அந்தத் தண்ணியையும் சேத்துத்தானே நிறுக்கிறோம், அப்போ மோலார் மாஸ்லயும் அது வந்தாகணும். 250 மில்லி கால் லிட்டர், அதனால 0.025 மோல் வேணும், 249.5ஆல பெருக்கினா 6.24 கிராம். நீலக் கல்லுல 3.99 கிராம் மட்டும் போட்டிருந்தா 0.064 மோலார்தான் வந்திருக்கும், கரைசல் அப்பவும் அழகா நீலமாத்தான் இருக்கும், கண்ணால பாத்து கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த அஞ்சு தண்ணியில இன்னொரு இடத்துலயும் பசங்க வழுக்குறாங்க. ஃபார்முலால தண்ணிக்கு முன்னாடி இருக்குற 5ஐ ஹைட்ரஜனுக்கு மட்டும் பெருக்கி, பத்தும் பதினாறும் 26னு எழுதிடுறாங்க. அந்த 5 முழு தண்ணிக்கும் உண்டு, ஆக்சிஜனும் அஞ்சு தடவை வரணும். கால்சியம் ஹைட்ராக்சைடுலயும் இதே கதைதான், அடைப்புக்குறிக்கு வெளிய இருக்குற 2 உள்ள இருக்குற ஆக்சிஜன், ஹைட்ரஜன் ரெண்டுக்குமே, 40 கூட்டல் 34, மொத்தம் 74. விடை 58னு வந்தா ஆக்சிஜன் ஒண்ணு விட்டுப்போச்சுன்னு அர்த்தம். ப்ளஸ் டூ டைட்ரேஷன்ல (செறிவு தெரிஞ்ச கரைசலை வச்சு தெரியாததைக் கண்டுபிடிக்கிற சோதனை) வர்ற ஆக்ஸாலிக் ஆசிட்டும் லேப்ல ரெண்டு தண்ணியோடதான் வரும், 90 இல்ல, 126. அதனால எந்தக் கணக்கானாலும் சரி, பாட்டில் லேபிளைப் படிச்சுட்டு அப்புறம் பேனாவை எடு.

கேள்வி: பையனுக்கு வயித்துப்போக்கு. ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர்ல கரைக்கச் சொல்றாங்க, அவன் அவ்ளோ தண்ணி குடிக்கவே மாட்டான். ஒரு டம்ளர்ல கரைச்சு குடுத்தா அதே உப்புதானே உள்ள போகுது? – இல்லத்தரசி, தர்மபுரி

பதில்: தயவுசெஞ்சு அப்படிக் குடுக்காதீங்கம்மா, இதுல செறிவுதான் மருந்தே. உலக சுகாதார நிறுவனத்தோட இப்போதைய ஃபார்முலால ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் உப்பு 2.9 கிராம். குளுக்கோஸோட மோலார் மாஸ் 180, அதால 13.5ஐ வகுத்தா 0.075, அதாவது 75 மில்லிமோல். உப்புக்கு 58.5, அதுலேர்ந்து சோடியம் 44 வருது. சிட்ரேட்டுக்கு 294, இதுலயும் ரெண்டு தண்ணி சேந்திருக்கு, கிட்டத்தட்ட 10 மில்லிமோல், ஒவ்வொண்ணுலயும் மூணு சோடியம் இருக்குறதால 30. ரெண்டையும் கூட்டினா சோடியமும் சுமாரா 75. குளுக்கோஸ் 75, சோடியம் 75ன்னு சரிக்குச் சரியா வச்சிருக்காங்க, ஏன்னா குடல் சுவர்ல குளுக்கோஸும் சோடியமும் சேந்துதான் உள்ள போகும், அது பின்னாடியே தண்ணியும் போகும். எல்லாத் துகளையும் கூட்டினா லிட்டருக்கு 245 மில்லிமோல், நம்ம ரத்தத்துல அது 290 பக்கம் இருக்கு, அதைவிடக் கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்னு 2002ல மாத்தி அமைச்ச கணக்கு இது.

இப்போ நீங்க சொல்ற மாதிரி 200 மில்லி டம்ளர்ல முழு பாக்கெட்டையும் போட்டா அஞ்சு மடங்கு, 1225. அப்போ தண்ணி குடல்லேர்ந்து உடம்புக்குள்ள போகாது, உடம்புலேர்ந்து குடலுக்கு வரும், போக்கு இன்னும் ஜாஸ்தியாகும், ரத்தத்துல சோடியமும் ஏறிடும், சின்னப் பிள்ளைக்கு அது ரொம்ப ஆபத்து. ஒரு லிட்டர் பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர் தண்ணியிலயே முழுசா கரைச்சு வச்சுட்டு, ஸ்பூன் ஸ்பூனா அடிக்கடி குடுங்க. ஒரே மூச்சுல குடிக்க வேண்டியதே இல்ல, 24 மணி நேரத்துல மிஞ்சுனதைக் கொட்டிடுங்க. பையன் சோர்ந்து கிடந்தாலோ யூரின் போகலன்னாலோ உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க.

கேள்வி: மோலாரிட்டி இருக்கும்போது மோலாலிட்டி எதுக்கு? – மாணவர், நாமக்கல்

பதில்: மோலாரிட்டி கரைசலோட லிட்டரை வச்சு வர்றது, சூடானா கரைசல் விரியும், எண்ணும் மாறும். மோலாலிட்டி கரைப்பானோட கிலோவை வச்சு வர்றது, எடை சூட்டுல மாறாது. கொதிநிலை, உறைநிலை கணக்குல அதைத்தான் எடுப்போம். இன்னொண்ணு தம்பி, ஒரு லிட்டர் கரைசல்னா ஒரு லிட்டர் தண்ணியை ஊத்துறது இல்ல, முதல்ல கொஞ்சம் தண்ணியில கரைச்சுட்டு அப்புறம் ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்க்ல, அதாவது கழுத்துல அளவுக்கோடு போட்ட குடுவையில, அந்தக் கோடு வரைக்கும் நிரப்புறது.

கேள்வி: ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பாட்டில்ல 37 சதவீதம், அடர்த்தி 1.19னு மட்டும்தான் போட்டிருக்கு. அரை லிட்டர் 0.1 மோலார் வேணும், எத்தன மில்லி எடுக்கணும்? – பிஎஸ்சி முதலாம் ஆண்டு, பாளையங்கோட்டை

பதில்: ஒரு லிட்டர் ஆசிட்டை மனசுல வச்சுக்கோங்க. எடை 1190 கிராம், அதுல 37 சதவீதம் 440 கிராம், அதை 36.5ஆல வகுத்தா கிட்டத்தட்ட 12 மோலார். நமக்கு வேணும்ங்கிறது 0.05 மோல், 12ஆல வகுத்தா 4.2 மில்லி. ஃப்யூம் ஹுட்ல (புகையை வெளிய இழுக்குற லேப் கூண்டு) வச்சு, பாதுகாப்புக் கண்ணாடி, க்ளவுஸ் போட்டு, பாதி ஃப்ளாஸ்க் தண்ணி எடுத்துட்டு அதுல ஆசிட்டை மெதுவா விடுங்க, ஆசிட்டுக்குள்ள தண்ணி ஊத்தவே கூடாது. பிப்பெட்டை (அளந்து எடுக்குற கண்ணாடிக் குழாய்) வாயால உறிஞ்சாதீங்க, ரப்பர் பல்ப் போடுங்க. பாட்டிலைத் திறக்கத் திறக்க வாயு வெளிய போய்க்கிட்டே இருக்கும், அதனால இந்த 4.2 ஒரு உத்தேசம்தான். சரியான செறிவு தெரியணும்னா சோடியம் கார்பனேட்டை ஓவன்ல காயவச்சு, 1.325 கிராம் நிறுத்து 250 மில்லிக்கு 0.05 மோலார் கரைசல் போட்டுக்கிட்டு, நிறம் மாறி முடிவைக் காட்டுற மெத்தில் ஆரஞ்ச் விட்டு டைட்ரேட் பண்ணுங்க, ஒரு கார்பனேட்டுக்கு ரெண்டு ஆசிட். அதுல வர்ற எண்ணைத்தான் லேபிள்ல எழுதணும்.