தடுப்பது அப்பாவா, அந்தச் சிறுவனின் நினைவா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு கிராமம் என் ஊர். தக்காளி விவசாயக் குடும்பம். பேச்சு, செவித்திறன் சார்ந்த பி.ஏ.எஸ்.எல்.பி. பட்டப்படிப்பைச் சென்னையில் படித்து, இப்போது இறுதியாண்டு இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். அடுத்து ஸ்பீச் தெரபியில் முதுநிலை படிக்க விரும்புகிறேன். வீட்டில் யாருக்கும் இதில் நாட்டமில்லை. அண்ணன் கோவையில் பொறியியல் படிக்க நிலத்தை அடகு வைத்தபோது யாரும் கணக்குப் பார்க்கவில்லை. எனக்கென்று வரும்போது மட்டும், "பேச்சு வராத பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்க இன்னும் 2 வருஷப் படிப்பா?" என்று பெரியப்பா கேட்கிறார், குரூப் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். அம்மா வரன் பேச்சைத் தவிர வேறு பேசுவதில்லை. அப்பா ஒருமுறை, "உனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கா, அதை மட்டும் சொல்லு" என்றார். அண்ணனிடம் அவர் அப்படியொரு கேள்வி கேட்டதே இல்லை என்ற கோபத்தில் எழுந்து போய்விட்டேன்.

இன்டர்ன்ஷிப்பின் ஒரு பகுதியைத் தருமபுரியில் செய்தபோதுகூட உறவினர்களின் பேச்சு ஓயவில்லை. அங்கே ஆட்டிசம் உள்ள 4 வயதுச் சிறுவன் ஒருவன் பென்னாகரம் பக்கத்திலிருந்து தாயுடன் பேருந்தில் வருவான். தண்ணீர் வேண்டுமென்றால் அதன் படத்தை எடுத்து என்னிடம் நீட்டுவான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. "இன்னும் அம்மான்னு கூப்பிடலையேம்மா" என்று அந்தத் தாய் ஒருநாள் சொன்னார். பிறகு அவர்கள் வரவே இல்லை. நான் கேட்க வந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை, மன்னிக்கவும். அண்ணனுக்காக அடகு வைத்த நிலத்தை இன்னும் மீட்கவில்லை. அதன் சுமையை நான் ஏன் தாங்க வேண்டும்? விண்ணப்பிக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. வீட்டாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

— தருமபுரி மாவட்ட வாசகி

அன்புள்ள மகளுக்கு,

தொடர்பில்லை என்று நீ மன்னிப்புக் கேட்ட அந்தச் சில வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அண்ணனுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம் என்ற உன் வருத்தம் உண்மையானது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இந்தப் படிப்பைத் தொடரும் தகுதி உனக்கு உண்டா என்ற ஐயத்தை உனக்குள் விதைத்தது பெரியப்பாவின் பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை. வராமற்போன அந்தத் தாயை நினைத்தே நீ தயங்குகிறாய். வீட்டார் தடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளும்வரை, அந்தத் தயக்கத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டிய தேவை உனக்கு இல்லாமல் போகிறது. உன் அப்பா விஷயத்தில் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். உன் வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவரே. அதற்குப் பதில் சொல்ல முடியாததால்தான் நீ எழுந்து போனாய்; அண்ணன் மீதுள்ள கோபம் அந்த நேரத்துக்குக் கைகொடுத்தது.

"அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். தனக்கு வேண்டியதை இன்னொரு மனிதரிடம் கேட்டுப் பெறலாம் என்பதை ஒரு குழந்தை அறிந்துகொள்வது உன் துறையில் எவ்வளவு பெரிய அடி என்பது, அதைப் படித்த உனக்கா தெரியாது? தாகம் எடுத்தபோது அழுது புரளாமல், உன்னைத் தேடி வந்து படத்தை நீட்டினானே, அதுதான் தொடர்பாடல். படத்தையும் சைகையையும் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. இதை அந்தத் தாய்க்கு அவருக்குப் புரியும்படி யாராவது சொன்னார்களா என்பதே என் கேள்வி. அவர் கேட்டது 'அம்மா' என்ற சொல்; அந்தச் சொல் எப்போது வரும், வருமா என்று எந்தத் தெரபிஸ்டும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மகன் ஏற்கெனவே எதையெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டான் என்று அவருக்குக் காட்டியிருக்க முடியும். மேற்பார்வையாளரின் கீழ் பயிலும் மாணவியாகிய நீ மட்டுமே சுமக்க வேண்டிய பொறுப்பும் அன்று அது.

அவர்கள் ஏன் நின்றார்கள் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு அமர்வுக்கும் வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் கட்டணம் போகும், வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதையும் யாரிடமாவது விட்டுவர வேண்டும். இத்தனை காரணங்கள் இருக்க, உன் திறமைக் குறைவு ஒன்றையே நீ தேர்ந்துகொண்டாய். உன்மீது நீ காட்டும் இந்தக் கடுமையை வேறு யாராவது உன் தோழியிடம் காட்டினால் நீ பொறுத்துக்கொள்வாயா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ முடிக்கவிருக்கும் பட்டமே இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு பணியாற்றப் போதுமானது. முதுநிலைப் பட்டம் அறிவை ஆழப்படுத்தும். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள், திக்குபவர்கள் என்று பலரோடு இன்னும் நுட்பமாக வேலை செய்யக் கற்றுத்தரும். ஆனால் குழந்தை பேசாமலே இருக்கும் நாட்களைத் தாங்கும் மனத்தை அது சான்றிதழோடு சேர்த்துத் தராது. அந்த அச்சத்திலிருந்து ஒளிந்துகொள்வதற்காகப் படிக்கப் போகாதே. அந்த வேலையை விரும்பினால் போ.

ஆகவே விண்ணப்பத்துக்கு முன் அந்தச் சிறுவனின் குறிப்பேட்டை உன் மேற்பார்வையாளரிடம் எடுத்துச் சென்று, முதல் நாள் முதல் கடைசி நாள் வரை அவரோடு உட்கார்ந்து படி. குடும்பத்தாரை ஒருமுறை தொலைபேசியில் அழைத்து விசாரிக்கலாமா என்று கேள். அனுமதித்தால், மருத்துவமனை வழியாகவே அது நடக்கட்டும். பிறகு அப்பாவிடம் போய், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல். பதில் 'ஆம்' என்றால், 1965இல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் மத்திய அரசுடையது என்பதையும், உங்கள் மாவட்டத்திலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை என்பதையும் சொல்லி, கட்டண விவரத்தோடு அவர் முன் உட்கார். அடகில் இருக்கும் நிலத்தைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். அந்தக் கணக்கில் அண்ணனும் பங்கேற்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.