வீட்டுக்காரர் நாய் கடித்தால் வாடகைக்கு இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாதா?

கேள்வி: சென்னையில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர். பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு, பள்ளி விட்டு வந்த என் ஆறு வயது மகளை அவர்களுடைய நாய் மாடிப்படி அருகே பாய்ந்து கடித்துவிட்டது. இடது கன்னத்திலும் கையிலும் காயம். அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி ஊசி போட்டார்கள். தடுப்பூசி மூன்று முடிந்திருக்கிறது, இன்னும் ஒன்று பாக்கி. ஓனர் மூவாயிரம் ரூபாய் கொடுத்து, "இனி எந்தப் பிரச்சனையும் செய்ய மாட்டோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். குழந்தை கேட்டைச் சாத்தவில்லை, அதனால்தான் நாய் வந்தது என்கிறார். போன வருடம் பேப்பர் போடும் பையனையும் இதே நாய் கடித்தது. போலீசுக்குப் போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ என்று கணவர் பயப்படுகிறார். ஒரு பல் தடத்துக்குப் பத்தாயிரம் நஷ்டஈடு என்று வாட்ஸப்பில் வந்ததே, உண்மையா? என் தம்பியோ நாய்க்கு விஷம் வைத்துவிடுகிறேன் என்கிறான். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம், இது மட்டும் இன்றைக்கே உறுதியாக இருக்க வேண்டும். மூவாயிரத்தை ஏற்கெனவே வாங்கியிருந்தால் குற்றம் ஒன்றும் இல்லை. "மருத்துவச் செலவுக்காகத் தந்த முன்பணம் பெற்றுக்கொண்டோம்" என்று ஓனருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள்.

அடுத்தது ஊசி. நம் அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசி முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்ற கணக்கில் நான்கு தவணை. உங்கள் மகளுக்கு இருபத்தெட்டாம் நாள் ஊசி மிச்சம் இருக்கிறது. "நாய்தான் நன்றாக இருக்கிறதே, இன்னும் எதற்கு ஊசி" என்று யாராவது சொல்வார்கள். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் ஆரோக்கியமாக இருப்பது நல்ல செய்திதான். ஆனால் அதை வைத்து ஊசியை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் டாக்டர் மட்டுமே. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் சாட்சியாகவும் அது உதவும்.

நாய்க்கடியில் பல குடும்பங்கள் தோற்றுப்போவது சட்டம் இல்லாததால் அல்ல. "யார் வீட்டு நாய்" என்ற ஒற்றைக் கேள்விக்கு அவர்களிடம் காகிதம் இருக்காது. பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது "நாய் கடிச்சிடுச்சு" என்று மட்டும் சொல்வோம், சீட்டிலும் அதையே எழுதுவார்கள். ஆறு மாதம் கழித்து "தெருநாய் கடித்திருக்கும், எங்கள் நாய் இல்லை" என்று ஓனர் சொல்லிவிடலாம். அதனால் அந்த மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டின் நகலை, அவர்கள் ஏ.ஆர். காப்பி என்பார்கள், கேளுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். யார் வீட்டு நாய் என்பது இல்லாவிட்டால், அடுத்த ஊசிக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லி ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கன்னத்துக் காயத்தைப் பகல் வெளிச்சத்தில் வாரம் ஒருமுறை படம் எடுங்கள். பள்ளி விடுப்பு, ஆட்டோ செலவு, மருந்துக்கடை பில், நீங்கள் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். ஓனர் பணம் தருவதாகவும் நாய் கடித்ததாகவும் அனுப்பிய செய்தி எதுவும் இருந்தால் அழிக்காதீர்கள். தெருவில் யார் வீட்டிலாவது கேமரா இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும்.

அப்புறம் போலீஸ். தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலைக்கு முன்பு இதுவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவாக இருந்தது. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும் அலட்சியச் செயலுக்கு அதே பாரதிய நியாய சன்ஹிதாவில் 125-ஆவது பிரிவும் உண்டு. காயம் கொடுங்காயமாக இருந்தால் அதில் மூன்று ஆண்டு வரை தண்டனை. முகத்தில் நிரந்தரமாக உருக்குலைவு ஏற்பட்டாலே அது சட்டப்படி கொடுங்காயம்தான். அதனால் கன்னத்துத் தழும்பைப் பற்றி மருத்துவர் என்ன எழுதுகிறார் என்பது முக்கியம்.

புகாரில் நீங்கள் விடாமல் எழுத வேண்டியது பேப்பர் பையன் விஷயம். இந்த நாய் கடிக்கும் என்று ஓனருக்கு முன்பே தெரியும், தெரிந்தும் கட்டி வைக்கவில்லை என்பதற்கு அதுதான் ஆதாரம். அந்தப் பையனோ அவன் வீட்டாரோ ஒரு வார்த்தை சொல்ல முன்வந்தால் பெரிய பலம். ஸ்டேஷனில் புகார் கொடுத்தவுடன், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "பேசி முடிச்சுக்கோங்கம்மா" என்று சொல்லி அனுப்பினால், புகாரின் நகலைப் பதிவுத் தபாலில் உங்கள் பகுதித் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட முடியும். 2024 மே மாதத்தில் நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியபோது, நாயின் உரிமையாளரைப் போலீஸ் கைது செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். போலீசுக்கு இதில் அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தள்ளிப் போடாதீர்கள். ஆறு மாதத் தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் போலீசில் வழக்குப் பதிவாகவோ, மாஜிஸ்திரேட்டிடம் புகார் தாக்கலாகவோ வேண்டும்.

கேட் விஷயத்துக்கு வருகிறேன். கடிபட்டு வந்த குழந்தையையே குற்றவாளியாக்குவதைப் படித்தபோது மனம் பொறுக்கவில்லை. அது வாடகைக்கு இருப்பவர்களும் நடக்கும் பொது வழி. அந்த வழியில் ஆறு வயதுக் குழந்தை வரும், கேட்டைச் சாத்த மறக்கும் என்பதெல்லாம் நாய் வளர்ப்பவர் எதிர்பார்த்திருக்க வேண்டிய விஷயங்கள். அவ்வளவு சின்னக் குழந்தையின் கவனக்குறைவைக் காட்டிப் பெரியவர் தப்பிப்பதைக் கோர்ட்டுகள் எளிதில் ஏற்பதில்லை. வாசலில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று போர்டு மாட்டியிருந்தாலும் பொறுப்பு போய்விடாது.

நஷ்டஈடு பற்றி. நீங்கள் பார்த்த வாட்ஸப் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது பத்தாயிரம் ரூபாய் என்று சொன்னது. ஆனால் அது தெருவில் திரியும் விலங்குகளால் அடிபட்டவர்களுக்கு அரசு தர வேண்டிய தொகை பற்றிய வழக்கு. சென்னையில் உள்ள நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, வீட்டு நாய்க்கும் அப்படியே பொருந்தாது. உங்கள் மகளுக்கான தொகையைச் செலவு, வலி, பயம், தழும்பு, இனி செய்ய வேண்டிய சிகிச்சை இவற்றை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். முகத் தழும்பு எப்படி நிலைக்கும் என்று தெரியவே ஓராண்டு போல ஆகலாம். பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கருத்து வாங்கி வையுங்கள். மூவாயிரத்துக்குக் கையெழுத்து வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமே இந்தத் தழும்புதான்.

வக்கீல் ஃபீஸை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். முதலில் வக்கீல் நோட்டீஸ். அதற்கு ஓனர் இறங்கி வந்தால், வழக்குப் போடாமலே லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடித்துக்கொள்ளலாம். கோர்ட் கட்டணம் இல்லை, அங்கே எழுதும் உடன்பாட்டுக்குக் கோர்ட் டிக்ரியின், அதாவது தீர்ப்பாணையின், பலம் உண்டு, மேல்முறையீடும் கிடையாது. சமரசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வளாகத்தில் வாழ வேண்டியவர்களுக்கு நியாயமான சமரசம் நல்லதுதான். ஆனால் அது ஓனர் வீட்டு ஹாலிலோ ஸ்டேஷனிலோ நடக்க வேண்டியதில்லை. நஷ்டஈடு இவ்வளவு என்று நிர்ணயிக்க போலீசுக்கு அதிகாரம் கிடையாது. இனி வளாகத்துக்குள் நாயைக் கட்டியே வைப்போம், வெளியே கூட்டி வரும்போது வாய்ப்பூட்டு போடுவோம் என்பதையும் உடன்பாட்டில் எழுதி வாங்குங்கள். பணத்தைவிட அது உங்கள் மகளுக்குத் தேவை. ஓனர் மசியாவிட்டால் சிவில் வழக்கு. குழந்தை மைனர் என்பதால் காலவரம்பில் சலுகை உண்டு, ஆனாலும் மூன்று ஆண்டுக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். 1913 என்ற எண்ணில் புகார் செய்து, இந்த நாய்க்கு உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசியும் உள்ளதா என்று சரிபார்க்கக் கேளுங்கள்.

தம்பியைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். விலங்கைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். ஓனர் மீது போக வேண்டிய வழக்கு உங்கள் வீட்டுப் பையன் மீது திரும்பிவிடும். அது இருக்கட்டும், கட்டி வைக்க வேண்டியவர் கட்டி வைக்காததற்கு அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்யும்?

உங்கள் கணவரின் பயம் நியாயமானது, அதனால் வாடகை விஷயத்தையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, அதில் சொன்ன காரணங்கள் இருந்தால்தான், அதுவும் வாடகை நீதிமன்றம் மூலமாகத்தான் காலி செய்ய வைக்க முடியும். போலீசில் புகார் கொடுத்தார்கள் என்பது அந்தக் காரணங்களில் இல்லை. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் அவருக்கு உரிமை கிடையாது, நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாதிருந்தாலும், அதன் காலம் முடிந்திருந்தாலும் உங்கள் நிலை பலவீனம்தான். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாடகையை இந்த மாதத்திலிருந்து கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். சட்ட உதவிக்குப் போகும்போது ஏ.ஆர். காப்பியோடு வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் போங்கள், இரண்டையும் ஒரே வக்கீல் பார்க்கட்டும்.