எந்த மருந்துக்கும் சாகாத டிரைக்கோடெர்மா: வாங்கலாமா?

கேள்வி: ஏலாவில் (வயலில்) ஒன்றரை ஏக்கர் ரசகதலி வாழை போட்டு வருகிறேன். போன முறை வாடல் நோயில் பாதி வாழை போய்விட்டது. கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கரைத்து வேரில் ஊற்றினேன், நோய்ப் பூஞ்சையை எதிர்க்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையும் போட்டேன், பலன் இல்லை. ஆய்வகத்தில் பல தலைமுறை விஷத்தில் வளர்த்துப் பழக்கிய டிரைக்கோடெர்மா என்று ஒரு முகவர் கிலோ 1,200 ரூபாய்க்குத் தருகிறார். எந்த மருந்துக்கும் சாகாதாம், மருந்தோடு ஒரே டிரம்மில் கலந்து ஊற்றலாமாம். வாங்கலாமா? இதை நாமே வீட்டில் பழக்க முடியுமா?
- வாசகர், திருவட்டாறு

பதில்: வாங்க வேண்டாம். வீட்டிலும் முயல வேண்டாம்.

முதலில் உங்கள் பழைய டிரைக்கோடெர்மா ஏன் பலன் தரவில்லை என்று பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் 50 சதவீதக் கார்பென்டாசிம் கரைத்தால், அந்தத் தண்ணீரில் பத்து லட்சத்தில் 500 பங்கு விஷம் இருக்கிறது. டிரைக்கோடெர்மாவின் வளர்ச்சியை முடக்க ஏறத்தாழ ஒரு பங்கே போதும். நோய்ப் பூஞ்சையைக் கொல்ல நீங்கள் ஊற்றிய மருந்து, அதோடு சண்டைபோட வந்த நல்ல பூஞ்சையையும் சேர்த்துக் கொன்றிருக்கிறது. இந்த மருந்து மண்ணில் மாதக்கணக்கில் தங்கக்கூடியது. பத்து நாள் இடைவெளி விட்டுப் போட்டேன் என்று பலரும் என்னிடம் சொல்கிறார்கள். வேரில் ஊற்றிய இடத்தில் அந்த இடைவெளி போதாது.

பூஞ்சையைப் பழக்குவது என்பது பொய்யில்லை. தொழிற்சாலைகளுக்கு அது தேவையான வேலை. வைக்கோலையும் சக்கையையும் அமிலத்தில் வேகவைத்து எரிசாராயம் எடுக்கும்போது ஃபர்ஃபுரால் என்ற நச்சு பிறக்கும். அதில் சாகாத ஈஸ்ட்டை இப்படித்தான் உருவாக்குகிறார்கள். டிரைக்கோடெர்மாவைப் பழக்க, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் சேர்த்து உறையவைத்த தட்டில் மிகச் சிறிதளவு விஷத்தைக் கலந்து, நடுவில் பூஞ்சையின் சிறு வில்லை ஒன்றை வைப்பார்கள். விஷமில்லாத தட்டு மூன்று நான்கு நாளில் ஓரம்வரை நிறைந்து பச்சை வளையம் கட்டிவிடும். விஷத் தட்டில் வில்லையைச் சுற்றி வெள்ளை நூல் போல ஒரு நகக்கண் அகலம் நீண்டு நின்றுவிடும். ஒரு வாரம் கழித்து ஓரத்தில் ஏதோ ஒரு மூலையில் மட்டும் ஒரு விசிறி கிளம்பும். அந்த விசிறியின் நுனியை வெட்டி, விஷம் சற்றுக் கூடிய அடுத்த தட்டில் வைப்பார்கள். இப்படி மாதக்கணக்கில், சில சமயம் வருடத்தைத் தாண்டியும் நடக்கும். 1982-லேயே அமெரிக்காவில் புற ஊதாக் கதிரின் துணையோடு பெனோமில் மருந்தைத் தாங்கும் டிரைக்கோடெர்மாவை எடுத்துவிட்டார்கள். பெனோமில் தண்ணீரில் உடைந்தால் வருவது கார்பென்டாசிம்தான்.

ஆகவே முகவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஏமாற்று அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கார்பென்டாசிம் பூஞ்சையின் உயிரணு பிரியும்போது தேவைப்படும் ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. அந்தப் புரதத்தின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் மருந்து ஒட்டாது, பூஞ்சை தப்பிக்கும். ஆனால் இலைப்புள்ளி நோய்க்கு நீங்கள் தெளிக்கும் புரோபிகோனசோல் என்ற மருந்து வேறு இடத்தில் அடிக்கிறது. சவ்வு கட்டும் வேலையை நிறுத்துகிறது. கார்பென்டாசிமுக்குப் பழகிய பூஞ்சை அதில் சாகும். ‘எந்த மருந்துக்கும் சாகாது’ என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் பொருள் தெரியவில்லை அல்லது உங்களை ஏய்க்கிறார். பழகிய பூஞ்சைகளில் சில, விஷமில்லாத தட்டில் நாலைந்து முறை மாற்றினாலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அவற்றின் மரபில் எதுவும் மாறியிருக்காது. வேறு சில, விஷத்தைத் தாங்கினாலும் வித்து குறைவாகக் கட்டும், நோய்ப் பூஞ்சையை எதிர்க்கும் வேகத்தையும் இழக்கும். இவற்றையெல்லாம் சோதித்த தாளை முகவரிடம் கேளுங்கள். எந்த மருந்து, எத்தனை பங்கு, விஷமில்லாத தட்டில் மாற்றிய பிறகும் தாங்குகிறதா என்று கேளுங்கள். நான் இதுவரை கேட்ட எவரும் அந்தத் தாளைக் காட்டியதில்லை.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் நான்கும் இருக்க வேண்டும். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது விதி. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, பைக்கில் மூட்டை கட்டி வீடு வீடாக விற்பவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. மாதிரி எடுத்து அனுப்பினால் முடிவு வருவதற்குள் குலை வெட்டியாகிவிடுகிறது. பல ஆண்டுகளாக இதை எழுதி எழுதிச் சலித்துவிட்டேன். நடவுக் காலத்தில் அரசுப் பாக்கெட் கிடைக்காமல், காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்து இறங்குவதும் இதே கதைதான். அந்த இடைவெளியில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள்.

வீட்டு முயற்சி ஏன் கூடாது? வேகவைத்த அரிசியில் பச்சை பூத்தால் டிரைக்கோடெர்மா என்று நம்புகிறோம். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற வேறொரு பூஞ்சையும் பச்சையாகத்தான் பூக்கும். அது அஃப்ளாடாக்சின் என்ற, ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய் தரும் நஞ்சை உண்டாக்குவது. வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதை விஷத்தில் பழக்கிக் கையால் கிளறி முகர்ந்து பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து வேண்டாம்.

சரி, மருந்தும் பூஞ்சையும் ஒரே தோட்டத்தில் சேரவே முடியாதா? ஓர் இடம் உண்டு. வேரில் ஊற்றாமல் கிழங்கில் ஊசி போடுவது. 2 சதவீதக் கார்பென்டாசிம் கரைசலில் 3 மில்லி, 45 பாகைச் சாய்வில், 10 சென்டிமீட்டர் ஆழத்தில், நட்ட 2, 4, 6-ஆம் மாதங்களில். மருந்து கிழங்குக்குள் நிற்கிறது, மண்ணுக்குப் பெரிதாக வருவதில்லை. ஆனால் ஊசியை எடுத்ததும் துளை வழியே கரைசல் வழிந்தால் அடிமண் நனைந்துவிடும், பிறகு வேரில் ஊற்றுவதும் இதுவும் ஒன்றுதான். துளையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். டிரைக்கோடெர்மாவைத் தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, உறிஞ்சு வேர்கள் இருக்கும் வட்டத்தில் இடுங்கள். இலை மஞ்சளாகி, அடித்தண்டு வெடித்த வாழைக்கு ஊசி போட்டுப் பயனில்லை. கிழங்கோடு தோண்டி எடுத்து அங்கேயே எரியுங்கள். ஓடையில் எறிந்தால் கீழே இருப்பவரின் ஏலாவுக்கு நோய் போகும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் அந்த வேலையைச் செய்கின்றன.

டிரைக்கோடெர்மாவின் அளவு ஹெக்டேருக்கு 2.5 கிலோ, 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து. உங்கள் நிலத்துக்கு ஒன்றரைக் கிலோ. நிழலில் ஈரச்சாக்கு மூடி இரண்டு வாரம் வைத்திருந்து போடுங்கள்.

ஆனால் உங்கள் நிலத்தில் இப்போது இருக்கும் நோய்ப் பூஞ்சை இருபது ஆண்டுகூட மண்ணில் காத்திருக்கும். எனவே இந்த முறை ரசகதலி வேண்டாம். ஏலாதானே? தண்ணீரைத் தேக்கி இரண்டு பூ (போகம்) நெல் போடுங்கள். அதன்பின் பாளையங்கோட்டான் (மற்ற மாவட்டங்களில் பூவன்) நடுங்கள், நோயில்லாத விளையிலிருந்து (தோட்டத்திலிருந்து) கன்று எடுத்து. நட வேண்டிய கன்றுகளில் சந்தேகம் இருந்தால் ஒன்றை நெடுக்காக வெட்டிக் காகிதத்தில் சுற்றி, பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோங்கள். பாலித்தீன் பையில் போடாதீர்கள், அழுகிவிட்டால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது.