பகிடிக் குறும்படத்துக்கு ஸ்டொக் மியூசிக் போடலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் 14 நிமிடப் பகிடிக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறோம். தொலைந்த மாட்டைத் தேடி ஒருவர் ஏ9 வீதியில் சைக்கிளில் அலைகிறார். மாடு அவருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. இசையமைப்பாளருக்குக் கொடுக்கக் காசில்லை. இணையத்தில் கிடைக்கும் ஸ்டொக் மியூசிக்கை, அதாவது ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிற ஆயத்த இசையை, வைத்துச் சமாளிக்கலாமா? யூடியூப்பில் பிரச்சினை வருமா?

பதில்:

தாராளமாகப் போடலாம். ஆனால் இந்த ஆயத்த இசையைத் தருகிற இசை நூலகத்தில் ‘கொமெடி’ என்று இருக்கிற பிரிவுக்குள் மட்டும் போகாதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் விரலால் சுண்டிய வயலின், கொழுத்த பசூன், உகுலேலே, விசில். இந்தச் சத்தம் கேட்டதுமே பார்ப்பவருக்கு ‘இனிப் பகிடி வரப்போகிறது’ என்று தெரிந்துவிடும். பகிடி சொல்ல வந்தவன் சொல்லு முன்னமே தான் சிரித்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். போதாததற்கு அந்தத் துண்டுகள் அடிபட்டுப் பழசாகிவிட்டவை. இணையத்தில் இலவசமாக இசை தருகிற கெவின் மக்லியொட்டின் ‘ஸ்னீக்கி ஸ்னிச்’, ‘மங்கீஸ் ஸ்பின்னிங் மங்கீஸ்’ இரண்டும் நல்ல இசைதான். ஆனால் எத்தனையோ பூனை வீடியோக்களில் கேட்டுக் கேட்டு, உங்கள் மாட்டைப் பார்க்கும்போதும் பூனைதான் ஞாபகத்துக்கு வரும்.

பகிடிக்குப் பொருந்துவது பகிடி தெரியாத இசை. 1975இல் வந்த ‘மொன்டி பைதன் அன்ட் த ஹோலி கிரெய்ல்’ என்ற பிரித்தானியப் பகிடிப் படம் இதற்கு நல்ல பாடம். நீல் இன்ஸ் அந்தப் படத்துக்கென்றே இசை எழுதினார். பாடல்களை வைத்துக்கொண்டு, பின்னணி இசையில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு, லண்டனில் 1909இல் தொடங்கிய டி வூல்ஃப் நூலகத்தின் ஆயத்த இசையைப் போட்டார்கள். குதிரையே இல்லை. வேலையாள் பின்னால் சிரட்டை தட்டிக்கொண்டு வர, அரசன் குதிரையில் போகிறவர் மாதிரித் துள்ளிக்கொண்டு வருகிறார். அந்தக் கோலத்துக்கு மேலே நிசமான வீரப் படத்துக்குரிய பித்தளை வாத்திய முழக்கம். இசை கொஞ்சமும் சிரிக்கவில்லை, அதனால் நாங்கள் சிரிக்கிறோம்.

உங்கள் படத்திலும் இசை மாடு தேடுகிறவரின் கட்சியாக இருக்கட்டும். மாடு பின்னால் நிற்பது கமராவுக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியும். இசைக்குத் தெரியக்கூடாது. அவர் பிள்ளையைத் தொலைத்தவர் போலத் தேடுகிறார் என்றால் தனி செலோ ஒன்று அழட்டும். சைக்கிள் செயின் கழன்ற பிறகும் விடாமல் தள்ளிக்கொண்டு போகிறார் என்றால் படை நடை இசை. நூலகத்தில் தேடும்போது ‘ட்ராமா’, ‘எபிக்’, ‘மார்ச்’, ‘ரொமான்ஸ்’ என்று தேடுங்கள். மத்தியான வெயிலில் வெறிச்சோடிய ஏ9ஐக் கண்டதும் ‘வெஸ்டர்ன்’ கிற்றாரும் விசிலும் போட எல்லாருக்கும் கை துருதுருக்கும். ஒரு தரம் போடலாம், இரண்டாம் தரம் போட்டால் அலுக்கும்.

அளவையும் கவனியுங்கள். 14 நிமிடப் படத்துக்கு ஆறேழு இடங்களில், மொத்தமாக நாலைந்து நிமிட இசை போதும். அதற்கு மேல் போடுகிறவர்கள் பெரும்பாலும் பகிடிக்காகப் போடுவதில்லை, குளக்கட்டில் எடுத்த காட்சியின் காற்றிரைச்சலை மறைக்கப் போடுகிறார்கள். இசை தொடர்ந்து ஓடினால் அது நிற்கும் இடம் என்று ஒன்று இருக்காது. பகிடிப் படத்தில் இசைக்குப் பெறுமதியே அது நிற்கிற இடத்தில்தான்.

அவர் திரும்பி மாட்டைக் காண்கிற அந்தக் கணத்தை எடுத்துக்கொள்வோம். செக்கனுக்கு 25 பிரேமில் எடுத்திருந்தால், அவர் கண் மாட்டில் படுவதற்கு 6 முதல் 10 பிரேம் முன்னதாக இசையை வெட்டுங்கள். மெல்லக் குறைக்காதீர்கள், ஒரே வெட்டு. சரியாகக் கண் படும் பிரேமிலேயே வெட்டினால் வெட்டின சத்தமும் முகபாவமும் ஒன்றையொன்று இடிக்கும். பிந்தி வெட்டினால் இசைக்கு விசயம் தெரிந்துவிட்டது போலாகிவிடும். வெட்டிய பிறகு கீழே வெறுமை இருக்கக்கூடாது. முழு அமைதி விழுந்தால் போன் பழுதாகிவிட்டதா என்று ஆள் பார்ப்பார். அந்த இடத்தின் இயல்பான சத்தம், அதாவது காற்று, தூரத்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், ஒரு காகம், அடியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எடுக்கும்போது இதைப் பதிந்திருக்காவிட்டால் திரும்பப் போய் ஒவ்வொரு இடத்திலும் 60 செக்கன் யாரும் கதைக்காமல் நின்று பதிந்துகொண்டு வாருங்கள். அதே நேரத்தில் போங்கள். காலைச் சத்தமும் மத்தியானச் சத்தமும் ஒட்டாது.

இசை தானாக முடிகிற இடங்களில் பின்னாலிருந்து வேலை செய்யுங்கள். ஆயத்த இசைத் துண்டுகள் பல ‘டும்’ என்று ஒரு முடிவுத் தட்டோடு முடியும். முதலில் அந்தக் கடைசித் தட்டை டைம்லைனில் நீங்கள் விரும்பும் பார்வையிலோ கதவடைப்பிலோ பொருத்திவிட்டு, பிறகு தொடக்கத்தையும் நடுவையும் வெட்டிச் சுருக்குங்கள். எப்போதும் தாள வட்டத்தின் முதல் அடிக்கு முன்னால்தான் வெட்டு. வெட்டின இடத்தில் ஒன்று குறைய மற்றது ஏறுகிற குறுக்குக் கலப்பு (கிராஸ்ஃபேட்) 2 முதல் 4 பிரேம் போதும். நீளமாகக் கலந்தால் இரண்டு தாளமும் ஒன்றோடொன்று அடிபடும். நல்ல நூலகங்கள் ஒரே இசையை முழு நீளம், 60 செக்கன், 30 செக்கன், வெறும் முடிவுத் தட்டு என்று தனித்தனியாகத் தரும். வாத்தியங்களைப் பிரித்துத் தருவதும் உண்டு. இரண்டும் இருக்கிற துண்டைத் தேடி எடுங்கள். கதைக்கிற இடத்தில் மேல் மெட்டைக் கழற்றிவிட்டு அடித்தாளத்தை மட்டும் ஓடவிடலாம்.

தாள வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 25 பிரேமில் நிமிடத்துக்கு 100 அடி வேகம் என்றால் அடிக்கு அடி 15 பிரேம். 125 என்றால் 12, 150 என்றால் 10. பிரேமில் முழுசாக விழும் வேகங்கள் இவை. 120 என்றால் 12.5, ஒன்றுவிட்ட ஒவ்வோர் அடியிலும் அரைப் பிரேம் இழுபறி. போனில் 30 பிரேமில் எடுத்திருந்தால் 120க்கு 15, 100க்கு 18, 90க்கு 20. இதற்காக ஒவ்வொரு காட்சி வெட்டையும் அடியில் விழுத்தத் தேவையில்லை. அப்படிச் செய்தால் விளம்பரம் போலாகிவிடும். மூன்றுக்கு ஒன்று விழுந்தால் காணும். லாண்ட்மாஸ்டர் வருகிற காட்சிக்கு இசையே வேண்டாம் என்பது என் எண்ணம். ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜினுக்குத் தன்பாட்டில் ஒரு தாளம் இருக்கிறது. எந்த இசையைப் போட்டாலும் அதோடு மல்லுக்கட்டும்.

உங்கள் படத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் போனில்தான் பார்ப்பார்கள். போன் ஸ்பீக்கரில் 200 ஹேட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் கேட்காது. டியூபா ‘பூம் பூம்’ என்று நடப்பதுதான் பகிடி என்று நினைத்துப் போட்டால் அங்கே ஒன்றுமே இருக்காது. கிளாரினெட், ட்ரம்பெட், செலோவின் மேல் தந்திகள் தப்பிக்கும். ஹெட்போனில் கலந்து முடித்ததும் போனை மேசையில் வைத்து ஒரு தரம் கேளுங்கள்.

நூலகத்தில் ‘இந்தியன்’ என்று தேடினால் சிதாரும் தபலாவும் வரும். வன்னிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மண்ணின் சத்தம் வேண்டுமென்றால் உடுக்கு, மத்தளம், சல்லாரி, ஆர்மோனியம் வாசிக்கிற கூத்துக்காரர் ஒருவரை அரை நாள் பிடித்து, 3 முதல் 8 செக்கன் நீளத்தில் இருபது துண்டு பதிந்துகொள்ளுங்கள். ஆள் நுழைவதற்கு, திடுக்கிடுவதற்கு, ஓடுவதற்கு, நிற்பதற்கு என்று வகைக்கு ஐந்து. உங்களுடைய சொந்த நூலகம் ஆயிற்று. கூத்தில் பாத்திரத்துக்குப் பாத்திரம் வரவு ஆட்டமும் அதற்கென்று தாளமும் இருப்பதால், மாட்டுக்கு ஒரு ராச வரவு கொடுத்தால் எங்கள் சனத்துக்கு விளக்கமே தேவையில்லை. பறையைத் தொடும்போது மட்டும் யோசியுங்கள். எங்கள் பக்கத்தில் பறை கேட்டால் பலருக்குச் சாவீடுதான் நினைவு வரும். மாடு செத்துவிட்டதாக்கும் என்று பார்ப்பவர் நினைக்க வேண்டும் என்றால் அதைவிடக் கச்சிதமான சத்தம் இல்லை. இல்லையென்றால் கதை கெட்டுவிடும். வாசித்தவருக்குக் காசு கொடுத்து, படத்திலும் இணையத்திலும் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்தும் வாங்குங்கள். மெட்டு பழையதாக இருந்தாலும் வாசிப்பு அவருடையது.

இனி உரிமை. ஒவ்வொரு இசைத்துண்டிலும் இரண்டு சொத்து இருக்கிறது: எழுதின இசை ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதினவர் இறந்து 70 வருடம் வரை அவருடைய உரிமை நிற்கும். 1932இல் இறந்த அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவின் படை நடை இசைகளும், 1916இல் இறந்த செக் இசையமைப்பாளர் ஃபூச்சிக்கின் சர்க்கஸ் இசையும் இந்தக் கணக்கில் கடந்துவிட்டன. ஆனால் போன வருடம் ஒரு இசைக்குழு அதை வாசித்துப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு அவர்களுடையது. துரத்தல் காட்சிக்கு எல்லாரும் போடுகிற ‘யாகெட்டி சாக்ஸ்’ நூலக இசை என்றுதான் பலரும் நம்புகிறார்கள். இல்லை. அது 1963இல் பூட்ஸ் ரன்டொல்ஃப் வெளியிட்டது, உரிமை உள்ள சரக்கு. பத்துச் செக்கனுக்குக் குறைவாக எடுத்தால் பரவாயில்லை என்பதும் கட்டுக்கதை. அப்படி ஒரு விதி இலங்கைச் சட்டத்தில் இல்லை. தமிழ்ப்படப் பின்னணி இசையைச் சுருதி மாற்றிப் போடுவதும் உரிமையை மாற்றாது.

கிரியேட்டிவ் கொமன்ஸ் (ஆக்கியவரே நிபந்தனையோடு இலவசமாகத் தரும் உரிமம்) என்று போட்டிருந்தால் எந்த வகை என்று பாருங்கள். பெயர் மட்டும் கேட்கிற வகை உங்களுக்குச் சரி. மக்லியொட்டின் இலவச இசை அந்த வகைதான். இசையின் பெயர், ஆக்கியவர், உரிமத்தின் பெயரும் இணைப்பும் படத்தின் முடிவிலும் வீடியோ விவரத்திலும் வர வேண்டும். ‘மாற்றம் கூடாது’ என்ற வகையைத் தொட வேண்டாம். படத்தோடு இசையைப் பொருத்துவதே மாற்றம் என்றுதான் அந்த உரிமம் கொள்கிறது. ‘வணிகம் கூடாது’ என்றால் விளம்பர வருமானம் எடுக்க முடியாது. பேஸ்புக்கின் சவுண்ட் கலெக்‌ஷன் அவர்களுடைய தளங்களுக்கு மட்டும். எடிட்டிங் செயலிகளுக்குள் வருகிற பாட்டுகளையும் எல்லாத் தளத்துக்கும் அனுமதி உள்ளவை என்று நம்பிவிடாதீர்கள். எடுத்த நாளன்றே உரிமப் பக்கத்தைப் படம் பிடித்து, இசைக் கோப்போடு ஒரே போல்டரில் வையுங்கள். அந்தப் பக்கம் பிறகு மாறலாம்.

டேட்டா செலவுக்கு ஒரு வழி: தேர்வு செய்யும்வரை எம்பி3 போதும், 3 நிமிடத்துக்கு 7 எம்பி அளவு வரும். கடைசியில் தெரிவானவற்றை மட்டும் வேவ் கோப்பாக எடுங்கள். 48 கிலோ ஹேட்ஸ், 24 பிட் என்றால் அதே 3 நிமிடம் 52 எம்பி அளவு.

கலக்கும்போது கதைக்கிற குரலைவிட இசை 15 முதல் 18 டெசிபெல் கீழே இருக்கட்டும். இசையில் 1 முதல் 4 கிலோ ஹேட்ஸ் வரை 3 டெசிபெல் குறைத்தால் சொற்கள் தெளியும். குரல் வரும்போது இசையைத் தானாக அமுக்குகிற வசதியைப் பகிடிக் காட்சியில் போடாதீர்கள். ஒவ்வொரு இடைநிறுத்தத்திலும் இசை மேலே பொங்கி வந்து, பதில் வார்த்தைக்கு முந்திய அந்த அரைச் செக்கனைத் தின்றுவிடும். கையால் புள்ளி வைத்து ஏற்றி இறக்குங்கள். முழுப்படத்தின் சராசரிச் சத்தம் மைனஸ் 14 லுஃப்ஸ் (சத்த அளவின் அலகு) அளவிலும் உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லிலும் இருந்தால் யூடியூப்புக்குச் சரி.

வெளியீட்டுக்கு ஐந்தாறு கிழமை முன்னதாக யூடியூப்பில் யாருக்கும் காட்டாத வீடியோவாக ஏற்றிப் பாருங்கள். முறையாக உரிமம் வாங்கிய இசைக்கும் கொன்டென்ட் ஐடி (பதிந்த இசையைத் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூப் முறை) மூலம் உரிமைகோரல் வரலாம். நூலகங்களே தங்கள் இசையை அங்கே பதிந்து வைத்திருப்பதால்தான் அது. அது தண்டனை அல்ல. சேனலுக்கு விழுகிற ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கை வேறு, உரிமைகோரல் வேறு. உரிமத்தைக் காட்டி ஆட்சேபித்தால் மற்றவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு, அதனால்தான் முன்கூட்டியே ஏற்றச் சொல்வது. சில சந்தா நூலகங்கள் உங்கள் சேனலை அவர்களுடைய பட்டியலில் சேர்த்துவிட்டால் கோரலையே வரவிடாது. சந்தாவை நிறுத்துமுன் படத்தை வெளியிட்டுவிட வேண்டும். விழாவுக்கு அனுப்புவதானால் இசைப் பட்டியல் கேட்பார்கள்: துண்டின் பெயர், ஆக்கியவர், நூலகம், படத்தில் தொடங்கும் நேரம், நீளம். எடிட்டிங் முடித்த அன்றே எழுதிவிடுங்கள், ஆறு துண்டுக்குப் பத்து நிமிட வேலை.