கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒரு தொழில்: உயிரியல் படித்த மகளுக்கு

மருத்துவ பீடத்துக்கு மகளின் இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் புள்ளி) எட்டவில்லை. ஆலைக் கழிவிலுள்ள நஞ்சைப் பக்டீரியாவால் சிதைக்கும் துறையைப் படிக்கப்போவதாகச் சொல்கிறா. "அதுக்கு ஆர் வேலை தருவினம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது அம்மா. ஆனால் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தில் இல்லை. பியகம, கட்டுநாயக்க, சீதாவக்க ஏற்றுமதி வலயங்களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் சாயம், இறப்பர், பால், குடிபான ஆலைகளிலுந்தான் இருக்கிறது. நாற்றமும் இருக்கும்.

காற்றூட்டும் தொட்டியில் பக்டீரியாக்கள் திரள் திரளாக, மண்ணிறச் சேறாக மிதக்கும். அந்தக் கலவையில் ஒரு லீற்றரை அளவுசாடியில் எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைத்து, சேறு எதுவரை படிந்தது என்று பார்ப்பது அன்றாட வேலை. 300 மில்லிலீற்றரில் நின்று, சேற்றின் செறிவு லீற்றருக்கு 3,000 மில்லிகிராம் என்றால், ஒரு கிராம் சேறு 100 மில்லிலீற்றர் இடம் பிடிக்கிறது. நல்ல சேறு. இது 150ஐத் தாண்டினால் இழைபோல வளரும் பக்டீரியா பெருகிவிட்டதோ என்று நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். அப்படியானால் சேறு படியாமல் தெளிநீரோடு வெளியே போய்விடும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கரைந்த ஒட்சிசன் குறைந்ததுதான். லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் வைத்திருப்பது வழக்கம். இல்லாவிட்டால் ஊட்டப் பற்றாக்குறை. பல ஆலைக் கழிவுகளில் காபன் தாராளமாக இருக்கும், நைதரசனும் பொசுபரசும் போதியளவு இராது. பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கப் பக்டீரியாவுக்கு வேண்டிய ஒட்சிசனின் அளவு) 100 பங்குக்கு நைதரசன் 5, பொசுபரசு 1 என்ற கணக்கில் யூரியாவும் பொசுபோரிக் அமிலமும் சேர்ப்பார்கள்.

நஞ்சு வந்தால் ஆட்டம் மாறும். பீனோல் என்ற நச்சுச் சேர்மத்தை எடுங்கள். சூடோமோனாசு புற்றிடா போன்ற பக்டீரியா அதைக் கற்றக்கோல் என்ற இன்னொரு சேர்மமாக மாற்றி, அதன் காபன் வளையத்தை உடைத்து, தன் உணவாக்கிக்கொள்ளும். அதே பீனோல் திடீரென்று கூடினால் அந்தப் பக்டீரியாவே செத்துப்போகும். அதனால், பாலுக்கு உறைமோர் விடுவதுபோல வேறொரு நிலையத்தின் சேற்றைக் கொண்டுவந்து விட்டு, பீனோலை லீற்றருக்கு 50 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்கி, வெளியேறும் நீரில் அது இறங்கிய பிறகே அடுத்த படிக்கு ஏற்றுவார்கள். வரும் கழிவைச் சேர்த்துக் கலந்து சீராக விடும் சமப்படுத்தும் தொட்டி முன்னால் இல்லாத ஆலையில், கலன் கழுவிய நீர் ஒரேயடியாக வந்தால் வாரக்கணக்காக வளர்த்தது ஓரிரவில் போய்விடும். தொட்டி கட்டும் செலவுக்குப் பயந்து பைக்கற்றில் விற்கும் பக்டீரியாத் தூளை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. அந்தத் தூள் பெரும்பாலும் தொட்டியில் ஏற்கனவே வாழ்கிற கூட்டத்தோடு போட்டிபோட முடியாமல் கழுவுண்டு போகும். காசுக்குக் கேடு.

சாய ஆலையில் வேறொரு பொறி இருக்கிறது. அசோ என்ற வகைச் சாயம் ஒட்சிசன் இல்லாத தொட்டியில் நிறமிழக்கும். நீர் தெளிந்துவிட்டதென்று அதோடு நிறுத்தினால், சாயம் உடைந்து அங்கே உருவான அரோமற்றிக் அமைன்கள் என்ற சேர்மங்கள் அப்படியே ஆற்றுக்குப் போகும். அவற்றிற் சில புற்றுநோய் தருபவை. அடுத்ததாக ஒட்சிசன் ஊட்டும் தொட்டி கட்டாயம் வேண்டும். உலோகங்களை எந்தப் பக்டீரியாவும் சிதைக்காது. சில பக்டீரியா, நஞ்சு கூடிய குரோமியம் (VI) வடிவத்தை நஞ்சு குறைந்த குரோமியம் (III) வடிவமாக மாற்றித் தரும், அவ்வளவுதான்.

இதில் பாதிக்கு மேல் இரசாயனவியல் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். மகள் மோல் கணக்கைக் கண்டு ஒதுங்குகிறவ என்றால், உயிரியலில் எவ்வளவு நல்ல பெறுபேறு வந்திருந்தாலும் நாங்கள் இதைச் சிபாரிசு செய்யமாட்டோம்.

களனிப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலுக்குத் தனித் துறை இருக்கிறது. வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம். வீட்டிலிருந்தே போகவேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி விஞ்ஞான பீடத்தில் தாவரவியலையும் இரசாயனவியலையும் சேர்த்து எடுக்கட்டும். எங்கே சேர்ந்தாலும் இறுதியாண்டு ஆய்வு கழிவுநீரில் அமையவேண்டும், தொழிற்பயிற்சி ஓடுகிற ஒரு நிலையத்தில் கிடைக்கவேண்டும். நேர்முகத் தேர்வில் வகுப்புச் சித்தியைவிட, பி.ஓ.டி., சி.ஓ.டி. (கழிவை இரசாயனத்தால் ஒட்சியேற்ற வேண்டிய ஒட்சிசனின் அளவு) சோதனைகளைத் தன் கையால் செய்தாவா என்பதைத்தான் துருவிக் கேட்பார்கள். உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவில் பொதுவாக லீற்றருக்கு பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250, பீனோல் 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் புதுப்பிக்க ஆலைக்கு இந்த இலக்கங்கள் வேண்டும். ஆள் எடுப்பதும் அதற்காகத்தான்.

ஊரில் தேவை இல்லையென்று சொல்லமுடியாது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. எங்கள் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கிய எண்ணெய்க்குப் பக்கத்தில் ஒட்சிசனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, தொட்டியில் செய்வதைவிடப் பன்மடங்கு கடினம். முதுமாணி ஆய்வுக்கு நல்ல விடயம், ஆனால் முதற் சம்பளம் அங்கிருந்து வராது.

பெண்பிள்ளையின் இரவு வேலை பற்றிய உங்கள் பயத்துக்கும் பதில் உண்டு. நிலையத்தின் இயந்திரங்களை இயக்குகிறவர்களுக்குத்தான் முறைமாற்று வேலை, ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் பகல்தான். பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கும், தொட்டியடியில் பேச்சு சிங்களத்தில் நடக்கும். பல்கலைக்கழக அனுமதி வரும்வரை கிடைக்கும் மாதங்களில் சிங்கள வகுப்புக்கு அனுப்பிவையுங்கள்.