வேலை போகும், சம்பளம் போகாது

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகளில் தலைமைப் பயிற்சியாளரை நினைத்த நேரத்தில் நீக்குகிறார்கள். நீக்கிய பிறகு அவருக்கே கோடிக்கணக்கில் பணமும் தருகிறார்கள். இது நிரந்தர வேலையா, இல்லையா? ஆளை எப்படித்தான் பிடிக்கிறார்கள்?

டெக்சஸில் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் ஆறு வருஷம் ஆராய்ச்சி மாணவனாகக் குப்பை கொட்டியவன் நான். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தை எடுத்துவிட்டால் அந்த ஊரில் வெயிலும் மாடுகளும்தான் மிஞ்சும். ஆனால் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் கைல் ஃபீல்ட் மைதானத்துக்கு ஒரு லட்சம் பேர் வருவார்கள். மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை உட்காரக் கூடாது, அது அங்கே மரபு. (நம் கால்பந்து இல்லை. முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது.) முதல் ஆட்டத்தில் ஒரு விதியும் புரியாமல் நாலு மணி நேரம் நின்றுவிட்டு, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த வருஷம் டிக்கெட்டுக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்கும் அளவுக்கு முற்றிவிட்டது. அதனால் அந்த ஊர்க் கதையை வைத்தே பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்டது எல்லாமே அதற்குள் இருக்கிறது.

2023 நவம்பர் 11, சனிக்கிழமை இரவு. எங்கள் அணி மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று துவைத்து எடுத்தது. மறுநாள் காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அறைத்தோழன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்: கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கிவிட்டார்கள். 41 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மறுநாள்! தோசை கருகியது. அதற்கடுத்த வரியைப் படித்ததும் இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம். வீட்டுக்குப் போகச் சொன்னதற்காக அவருக்குத் தர வேண்டிய தொகை ஏறக்குறைய 7.6 கோடி டாலர். அன்றைய கணக்கில் 630 கோடி ரூபாய்க்கு மேல். அறுபது நாளுக்குள் 1.92 கோடி, அப்புறம் 2031 வரை வருஷத்துக்கு 72 லட்சம். நாங்கள் இருவரும் மாத உதவித்தொகையில் வாடகையைக் கழித்துவிட்டு அரிசி மூட்டை விலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

இவ்வளவு தொகை எங்கிருந்து முளைத்தது?

2017 டிசம்பரில் ஃபிஷரை ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். 2013 சீசனில் தேசியப் பட்டம் வென்றுகொடுத்தவர் அவர். அவர் கிளம்பப் போகிறார் என்பதை அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த விதமே ஒரு கூத்து. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே அவர் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் மரம் குப்பையோடு கிடந்தது. யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். இங்கே அவருக்குக் கொடுத்தது பத்து வருஷத்துக்கு 7.5 கோடி டாலர். முழுத் தொகைக்கும் உத்தரவாதம். நடுவில் எப்போது நீக்கினாலும் மிச்சம் அவருக்குத்தான். பல்கலைக்கழகத்தின் சான்சலர் ஜான் ஷார்ப் அவருக்கு ஒரு தேசிய சாம்பியன் பட்டயத்தைக் கொடுத்தார். அதில் வருஷம் மட்டும் '20' என்று போட்டு அடுத்த இரண்டு இலக்கங்கள் காலியாக இருந்தன. வென்றதும் நிரப்பிக்கொள்ளலாமாம். ஏ அண்ட் எம் கடைசியாகத் தேசியப் பட்டம் வென்றது 1939இல்! ஆசை அப்படிப் பேச வைக்கிறது.

2020இல் 9-1 (ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி) என்று முடித்தார். ஊர் முழுக்க நம்பிக்கை. அடுத்த செப்டம்பரில் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டி, சம்பளத்தையும் வருஷத்துக்கு 90 லட்சம் டாலர் அளவுக்கு உயர்த்தினார்கள். பழைய ஒப்பந்தத்திலேயே ஆறேழு வருஷம் மிச்சமிருந்தது, அவசரமே இல்லை. ஆனால் பக்கத்து மாநிலத்தில் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) கோச்சின் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. ஃபிஷரை இங்கே கொண்டுவந்த அத்லெடிக் டைரக்டர் (பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர்) ஸ்காட் உட்வார்ட் 2019இலேயே எல்எஸ்யுவுக்குப் போயிருந்தார். பழைய ஆளை அங்கே இழுத்துவிடுவாரோ என்று டீக்கடைப் பேச்சு மாதிரி ஊரெல்லாம் ஒரே பேச்சு. பயத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த சீசன் சுமார். அதற்கடுத்த 2022இல் 5-7. அப்பலாச்சியன் ஸ்டேட்டைக் காசு கொடுத்து விளையாடக் கூப்பிட்டு, சொந்த மைதானத்திலேயே அவர்களிடம் தோற்றார்கள். நான் அன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: பதவிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, பணத்துக்குத்தான் உத்தரவாதம். ஒப்பந்தம் எழுதுவது ஆள் கைநழுவிப் போய்விடுவானோ என்ற பயத்தில். உடைப்பது தோற்ற ராத்திரியின் கோபத்தில். எதிர்ப்பக்கம் கோச்சின் ஏஜென்ட் மட்டும் இரண்டு நாளும் நிதானமாக உட்கார்ந்திருப்பார். அதுவும் பெரிய கோச்சுகள் பலருக்கு ஒரே ஏஜென்ட், ஜிம்மி செக்ஸ்டன். ஃபிஷருக்கும் அவர்தான், நிக் சேபனுக்கும் அவர்தான், லேன் கிஃபினுக்கும் அவர்தான். ஒரு ஊரில் இடம் காலியானால் மற்ற ஊர்களிலெல்லாம் சம்பளம் ஏறுவது ஏன் என்று இதற்குமேல் விளக்க வேண்டாம்.

கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன ஆயிற்று? அப்போது ஒன்றும் ஆகவில்லை. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பார்களே, அதுதான். நீட்டிப்பை முடித்துக் கொடுத்த ராஸ் பியோர்க், ஃபிஷர் போன இரண்டே மாதத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் அத்லெடிக் டைரக்டர் வேலைக்குப் போனார். உட்வார்ட் எல்எஸ்யுவில் 2021 இறுதியில் நோட்ர டேமிலிருந்து பிரையன் கெல்லியைக் கொண்டுவந்தார். பத்து வருஷம், 9.5 கோடி டாலர். நான்காவது சீசன் பாதியில், 2025 அக்டோபரில், கெல்லியும் காலி. தர வேண்டியது சுமார் 5.4 கோடி. அவரை வீழ்த்திய ஆட்டம் எது தெரியுமா? எங்கள் ஏ அண்ட் எம் அங்கே போய் 49-25 என்று அடித்த ஆட்டம். காலேஜ் ஸ்டேஷன்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அங்கே கதை அதோடு நிற்கவில்லை. லூசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இந்த உட்வார்ட் அடுத்த கோச்சைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, அதற்கு டிரம்ப்பிடமே விட்டுவிடுவேன் என்ற அளவுக்குப் பேசினார். அடுத்த நாளே உட்வார்டும் போனார். பல்கலைக்கழகம் பணத்தைக் குறைக்கப் பார்த்தது, கெல்லி கோர்ட்டுக்குப் போனார், கடைசியில் முழுத்தொகைக்கும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் இப்படிப்பட்ட தொகையில் ஒரு பகுதி மிச்சமாகலாம். நீக்கப்பட்டவர் வேறு வேலை தேட வேண்டும், கிடைக்கும் சம்பளத்தைப் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்ற வரி. ஃபிஷர் ஒப்பந்தத்தில் அது இல்லை. நாளைக்கே வேறு அணியில் சேர்ந்தாலும் இவர்கள் அழ வேண்டியதுதான். பென் ஸ்டேட் 2025 அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது பாக்கி ஐந்து கோடி டாலரை நெருங்கியது. ஆனால் அங்கே கழிக்கும் வரி இருந்தது. ஒரு மாதத்தில் அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தார், பாக்கி 90 லட்சத்துக்கு இறங்கிவிட்டது.

எல்லா கோச்சுக்கும் இந்த யோகம் அடிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்கீனம் என்று காரணம் காட்டி நீக்கினால் ஒரு பைசா வராது. டெக்சஸ் டெக்கில் மைக் லீச் கதை எனக்கு இன்னும் உறுத்தும். ஓர் ஆட்டக்காரரை நடத்திய விதம் சரியில்லை என்று சொல்லி 2009 டிசம்பர் 30ஆம் தேதி நீக்கினார்கள். 31ஆம் தேதிவரை வேலையில் இருந்திருந்தால் 8 லட்சம் டாலர் போனஸ் சேர்ந்திருக்கும். மனிதர் சட்டம் படித்தவர், வழக்குப் போட்டார். பல்கலைக்கழகம் மாநில அரசின் பகுதி, அதன்மேல் நஷ்டஈடு கேட்டு வழக்கு நடத்த முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. 2022இல் லீச் இறக்கும்வரை அந்தப் பணம் வரவேயில்லை.

சீசன் பாதியிலேயே ஏன் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்றால், பள்ளி மாணவர்கள் கல்லூரி அணியில் சேரக் கையெழுத்திடும் நாள் டிசம்பருக்கு வந்துவிட்டது. அதற்கு முன் புது கோச் வந்து அந்தப் பையன்களின் அம்மா அப்பாவைப் பார்த்துப் பேச வேண்டும். ஆட்டக்காரர்கள் அணி மாறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு. கோச் போனால் பாதி அணி பின்னாலேயே போய்விடும். முன்பெல்லாம் சீசன் முடியும்வரை பொறுப்பார்கள், இப்போது செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஓக்லஹோமா ஸ்டேட்டில் 2005 முதல் இருந்த மைக் கண்டியையே 2025 செப்டம்பரில் அனுப்பிவிட்டார்கள். அயோவாவில் கிர்க் ஃபெரன்ட்ஸ் 1999 முதல் அசையாமல் இருக்கிறார். அது விதிவிலக்கு.

சரி, ஆளைப் பிடிப்பது. இது பெண் பார்க்கும் படலம் மாதிரி. எல்லோருக்கும் தெரியும், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாப்பிள்ளை இன்னொரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சம்பந்தம் பேச வேண்டும். அத்லெடிக் டைரக்டரும் கோச்சும் நேரடியாகப் பேசினால் வெளியே தெரிந்துவிடும் என்று நடுவில் தரகு நிறுவனம் ஒன்று, அந்தப் பக்கம் ஏஜென்ட். ரசிகர்கள் சும்மா இருக்கிறார்களா? தனி விமானங்களின் எண்ணை வைத்து எந்த விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்று இணையத்தில் துப்பறிவார்கள். எங்கள் ஆய்வகத்தில் அந்த நவம்பரில் ஒரு வேலையும் நடக்கவில்லை. பேராசிரியரே ஒரு திரையில் விமான வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தார்.

நன்கொடையாளர்களும் ரசிகர்களும் கடைசி நேரத்தில் கெடுத்துவிடவும் முடியும். ஃபிஷர் போன பிறகு ஒரு சனிக்கிழமை இரவு, கென்டக்கியின் மார்க் ஸ்டூப்ஸ் வருகிறார், கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. இரண்டு மணி நேரம் ஊரே இணையத்தில் ரகளை பண்ணியது. விடிவதற்குள் நான் கென்டக்கியிலேயே இருக்கிறேன் என்று ஸ்டூப்ஸ் அறிவித்துவிட்டார். இரண்டே நாளில் டியூக்கிலிருந்து மைக் எல்கோ வந்தார். அவர் யாரென்றால், நாலு சீசன் ஃபிஷருக்குக் கீழே தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். அப்போது பேசிய சம்பளம் வருஷத்துக்கு 70 லட்சம் டாலர். நீக்கிய ஆளுக்கு வருஷத்துக்கு 72 லட்சம், வேலைக்கு வந்த ஆளுக்கு 70! 2025இல் அணியைத் தேசியப் பட்டத்துக்கான ப்ளேஆஃபுக்குக் கொண்டுபோனார், அவருக்கும் நீட்டிப்புக் கொடுத்துவிட்டார்கள். பட்டுத் தெளிந்தவர்கள் என்று நினைத்தேன்.

கோச்சும் அணியைக் கைவிடுவதில் சளைத்தவரில்லை. லேன் கிஃபினை 2013இல் யுஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), வெளியூரில் தோற்றுத் திரும்பிய ராத்திரி விமான நிலையத்திலேயே நீக்கியது. அதே கிஃபின் 2025இல் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியை 11-1 வரை கொண்டுவந்துவிட்டு, ப்ளேஆஃப் ஆட்டங்கள் தொடங்குமுன் எல்எஸ்யுவுக்குக் கிளம்பிவிட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அங்கே எல்லோருக்கும் கோடி என்று நினைத்துவிடாதீர்கள். காலேஜ் ஸ்டேஷனுக்கு முன்னால் நான் வேறொரு சின்னக் கல்லூரி ஊரில் முதுகலை படித்தேன், பெயர் வேண்டாம். அங்கே மேல்மாடியில் குடியிருந்தவர் அணியின் வீடியோ பிரிவில் வேலை பார்த்தார். ஒரு வருஷ ஒப்பந்தம். எதிரணியின் ஆட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி கோச்சுகளுக்குக் கொடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார் என்று அவர் மனைவி சொல்வார். நவம்பர் கடைசியில் ஹெட் கோச்சை நீக்கினார்கள். புது கோச் தன் ஆட்களோடு வருவார், அதனால் பழைய ஆட்கள் மொத்தமும் வெளியே. ஹெட் கோச்சின் பைஅவுட் (நீக்கியதற்குத் தரும் தொகை) பற்றி ஊர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் எழுதியது. இவருக்கு மாதக் கடைசிவரை சம்பளம், அவ்வளவுதான்.

டிசம்பர் குளிரில் வாடகை வண்டியில் சாமான் ஏற்ற நானும் போய்க் கை கொடுத்தேன். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். வண்டியில் ஏற்றியாகிவிட்டது, ஊர்தான் இன்னும் முடிவாகவில்லை என்றார். இப்போதைக்கு மாமியார் வீடு. கிளம்பும்போது அணிச் சின்னம் போட்ட சட்டை, ஜாக்கெட் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி என் வாசலில் வைத்துவிட்டார். அடுத்த ஊரில் இதைப் போட முடியாது, நிறம் வேறாக இருக்கும் என்றார். எல்லாமே எனக்கு இரண்டு அளவு பெரிது. ஜாக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். குளிர்காலத்தில் பால் வாங்கப் போகும்போது இன்னும் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.