பிரபலங்கள் பேசுவதால் தொழிலாளருக்குப் பயன் உண்டா?

நடிகர்களும் எழுத்தாளர்களும் பெரிய தொழிலதிபர்களும் வேலை நேரம் பற்றிப் பேசுவதால் உழைப்பவருக்கு ஏதேனும் நன்மை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்போசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் கூறியதையும் சுட்டியிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரி முதலியார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். என் தாத்தா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் ஆயா உலை வைப்பார். ஆகவே இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் நடந்ததைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

1936 ஜூன் மாதம் பிரான்சில் பெரும் வேலைநிறுத்தம் நடந்து, லியோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலையைச் சட்டமாக்கியது. அதே பிரான்சின் கொடி பறந்த புதுச்சேரியில், வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது ஜூலை 30 அன்று காவல் படை துப்பாக்கியால் சுட்டது; 12 பேர் உயிரிழந்தார்கள். சவானா மில் வாசலில் சிந்திய அந்த இரத்தத்தைப் பற்றிப் பேசும்போது, தாத்தா அமர்ந்திருந்தாலும் எழுந்து நின்றுவிடுவார்.

அந்த ஆண்டு அக்டோபரில் நேரு புதுச்சேரிக்கு வந்தார். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா அவருடைய யோசனையின்படி மறு ஆண்டு பிரான்சுக்கே சென்று ஆட்சியாளர்களிடம் முறையிட்டார். 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை இங்கு சட்டமாயிற்று. நேருவின் பெயருக்கு இதில் பங்கு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்ன வேண்டும் என்பதைத் தொழிலாளர்களே முன்பே முடிவு செய்து, அதற்காக உயிரையும் கொடுத்திருந்தார்கள்; அந்தக் கோரிக்கையை எந்தக் கதவில் தட்ட வேண்டும் என்பதைத்தான் நேரு காட்டினார். புகழ் பெற்றவர்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுவே என்று நான் கருதுகிறேன். படித்தவர்களுக்கும் இது பொருந்தும்: 1934-இலேயே ‘சுதந்திரம்’ என்ற இதழைத் தொடங்கிய சுப்பையா, எழுதுவதையும் சங்கம் கட்டுவதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்துக்கொள்ளவில்லை.

நாராயண மூர்த்தி தம் இளமையில் கடுமையாக உழைத்திருக்கலாம். ஆயினும் ஆறு நாள் வேலைக்கு 70 மணி என்றால் ஒரு நாளைக்குப் பதினொன்றரை மணிக்கும் மேல். தம் நிறுவனத்தின் பங்கைத் தாமே வைத்திருப்பவர் அவ்வளவு நேரம் உழைப்பதும், மாதச் சம்பளத்துக்கு வந்தவர் அவ்வளவு நேரம் உழைப்பதும் ஒன்றாகாது. எங்கள் ஊரில் 12 பேர் செத்து வாங்கிய கணக்கை ஒரு பேட்டியில் திருப்பி எழுதுவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

கடை ஊழியர்கள் உட்கார்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததையும் பாருங்கள். கேரளத்தில் 2018-இல் இதே உரிமை சட்டமாவதற்கு, கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடியிருந்தார்கள். அவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் தங்கை கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். சட்டம் வந்தபின் அங்கும் முக்காலிகள் போட்டார்கள். ஆனால் யாராவது உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முகம் சுளிக்கிறார். சென்ற ஆண்டு அந்தக் கடையின் புதிய மாடியைத் திறந்துவைக்க ஒரு நடிகை வந்தார். ஊரே திரண்டது. தங்கையும் உடன் வேலை செய்யும் பெண்களும் காலை எட்டரை மணி முதல் வரிசையாக நின்றிருந்தார்கள். அந்த நடிகை அவர்களைப் பார்த்து ‘எப்போதிலிருந்து நிற்கிறீர்கள்?’ என்று ஒலிபெருக்கியில் ஒரே ஒரு முறை கேட்டிருந்தால், அன்று மாலையே அவர்கள் அந்த முக்காலிகளில் அச்சமின்றி உட்கார்ந்திருப்பார்கள்.